ஹோஸ் மாத்திட்டு வாங்க சார்

கார் இன்ஜினை ரீமேப் பண்ண நல்ல ஆளு யாருங்கன்னு கேட்டு இப்பவும் என் பெயிண்ட் கடைக்கு ஆளுங்க வருவாங்க. கோட்டுச்சேரி ரோட்டுல இருக்குற ஒரு தகர ஷெட்டுக்குத்தான் அனுப்பி வைப்பேன். அந்த ஷெட்டுக்காரருக்கு முன்பல்லு ரெண்டு இல்ல. அதைப் பேத்தவன் நான்தான்.

எனக்குக் கோவம் மூக்கு மேல நிக்கும். வாய் தொறக்குறதுக்கு முன்னாடி கை போயிடும். வண்டி நிறுத்துற தகராறுல மார்க்கெட்டுலயே ஒருத்தர் சட்டையைக் கிழிச்சிருக்கேன். ஆனா பொண்டாட்டி மேல ஒரு நாளும் கை வச்சதில்லன்னு பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். தட்டு, டம்ளர், ரிமோட்டு, ஒரு தடவை மிக்சி, இதெல்லாம் அவ கண்ணு முன்னாடி செவுத்துல அடிச்சு ஒடைச்சதை நான் ஒரு பொருட்டாவே நெனச்சதில்ல.

அவ டி.ஆர். பட்டினத்துல டீச்சர். தெனமும் காலையில என் டீசல் கார்ல அவளைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டுத்தான் கடையைத் திறப்பேன். நாங்க ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசுறதே அந்த இருவது நிமிஷம்தான். அது போதாதா மனுஷனுக்கு? போதல. கண்ட வண்டியெல்லாம் என்னைத் தாண்டிப் போகுதேன்னு வயிறு எரிஞ்சுது. இன்ஜினுக்கு எவ்வளவு டீசல், எவ்வளவு காத்துன்னு முடிவு பண்ண ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதுல உள்ளதை மாத்தி எழுதுனா பவர் ஏறும், அதுக்குப் பேருதான் ரீமேப்னு சொன்னாங்க. சரி, ஏத்திட வேண்டியதுதான்னு முடிவு பண்ணிட்டேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சதும் அவளையும் கூட்டிக்கிட்டு அந்த ஷெட்டுக்குப் போனேன். அவர் கண்ணாடி போட்ட, மெதுவாப் பேசுற மனுஷன். வந்ததும் லேப்டாப்பைத் திறப்பார்னு பார்த்தா, சாவியை வாங்கி வண்டியை ஓட்டிப் பார்த்தார். அப்பறம் பானட்டைத் தூக்கி, டர்போவுலேர்ந்து இன்ஜினுக்குக் காத்து போற ரப்பர் குழாயை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். இந்த ஹோஸ் உப்பிப் போயிருக்கு, பவரை ஏத்துனா தாங்காது, ஹோஸ் மாத்திட்டு அடுத்த வாரம் வாங்க சார்னுட்டார். என் பொண்டாட்டி பக்கத்துல பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்திருந்தா.

சுர்ருன்னு ஏறிடுச்சு எனக்கு. பானட்டைப் படார்னு சாத்தி, அது மேலயே ஓங்கி ஒரு குத்து விட்டேன். பவர் கேட்டு வந்தேன், பாடம் கேட்டு வரல, ஏத்துறியா இல்லையாய்யான்னு கத்துனேன். அவர் என் மொகத்தைப் பார்க்கல, கையைத்தான் பார்த்தார். அப்பறம் ஒயரை மாட்டி, பெட்டியில இருந்த பழைய ஃபைலை லேப்டாப்புல எடுத்து வச்சுக்கிட்டு, புதுசை ஏத்திக் கொடுத்தார். கடைசியில ஒரு சீட்டு எழுதி நீட்டுனார். படிச்சுக்கூடப் பார்க்காம டேஷ்போர்டுல திணிச்சேன்.

ஒம்பது நாள் ராஜா மாதிரி ஓட்டுனேன். பத்தாவது நாள் காலையில, நெரவிக்குப் பக்கத்துல பாதி ரோட்டுல நெல்லைக் காயப் போட்டிருந்தாங்க. முன்னாடி போன பஸ்ஸு மெதுவானதும் வலது பக்கம் ஏறுனேன். பஸ்ஸைப் பாதி தாண்டுறப்ப படார்னு ஒரு சத்தம். இன்ஜின் லைட்டு எரிஞ்சுது, ஆக்சிலேட்டரை மிதிச்சா வேகமே ஏறல. எதுத்தாப்புல லாரி. ஸ்டீரிங்கை ஒடிச்சு ரோட்டை விட்டுக் கீழ எறக்குனேன். ஒரு பனைமரத்துல முட்டி நின்னுச்சு. அவ மண்டை கண்ணாடியில மோதி, புருவம் கிழிஞ்சு, பள்ளிக்கூடத்துக்குக் கட்டுன புடவை பூரா ரத்தம்.

ஆஸ்பத்திரியில ஆறு தையல் போட்டாங்க. அவ கட்டில்ல உட்கார்ந்து என்னையே பார்த்துக்கிட்டு இருந்தா. வண்டியைக் கெடுத்த அந்த ஷெட்டுக்காரனை இன்னைக்கு விடமாட்டேன்னு சொல்லிட்டு ஆட்டோ பிடிச்சு ஷெட்டுக்குப் போனேன். அவரை எழுந்திருக்கக்கூட விடல. வாயிலேயே குத்துனேன். விழுந்தவரை எட்டி எட்டி மிதிச்சேன். அவர் கையைத் தூக்கித் தடுக்கல, லேப்டாப்பை நெஞ்சோட அணைச்சுக்கிட்டுச் சுருண்டு கெடந்தார்.

"என்னை அடிங்க சார். இதை விட்டுடுங்க. வந்த வண்டி அத்தனையோட ஒரிஜினலும் இதுலதான் இருக்கு."

பிடுங்கி இரும்புத் தூண்ல அடிச்சேன். ரெண்டாப் பொளக்குற வரைக்கும் அடிச்சேன். அவர் போலீசுக்குக்கூடப் போகல. தப்பு பண்ணவன் எப்படிப் போவான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இப்ப நெனச்சாக் கேவலமா இருக்கு.

தையல் பிரிச்ச மறுநாளே அவ பஸ்ஸுல போக ஆரம்பிச்சா. வண்டி சரியானா வருவியான்னு கேட்டேன். பார்க்கலாம்னா. அவளை மறுபடியும் அந்த முன் சீட்டுல உட்கார வைக்கணும், எனக்கு வேற நெனப்பே இல்ல. ஒடுக்கெடுத்த கையோட, பத்துப் பேர்கிட்ட விசாரிச்சு, காரை வண்டி தூக்குற வேன்ல ஏத்தித் தஞ்சாவூர்ல பேர் போன ஒரு ஸ்பெஷலிஸ்ட்டுக்கிட்ட கொண்டு போனேன். அவர் பானட்டைத் திறந்து ஹோஸைக் கழட்டிக் காட்டுனார். ஒரு சாண் நீளத்துக்கு வெடிச்சிருந்துச்சு. இதுல காத்து போயிட்டதாலதான் வண்டி இழுக்கல, ரீமேப் பண்ணவர் சுத்தமாத்தான் ஏத்திருக்கார்னார். பழைய பில்லு இருக்கான்னு டேஷ்போர்டைத் துழாவுனவர் கையில அந்தச் சீட்டு வந்துச்சு. 'ஹோஸ் மாத்தச் சொன்னேன். ஓனர் ஒத்துக்கல.'

"இப்படி எழுதிக் கொடுக்குற ஆளை விட்டுட்டு இவ்வளவு தூரம் ஏன் சார் வந்தீங்க?"

புது ஹோஸை மாட்டி, சாயந்திரம் வண்டியோட வீட்டுக்கு வந்தேன். அவ பரீட்சைப் பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தா. அந்த மனுஷன் மேல தப்பே இல்லம்மான்னேன். அவ தலை நிமிரல.

"தெரியும். அன்னைக்கு நானும்தானே அங்க உட்கார்ந்திருந்தேன்."

தெரிஞ்சா ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருக்கலாமே, நான் போயி அடிச்சிருக்க மாட்டேனேன்னேன். சிவப்புப் பேனாவைக் கீழ வச்சுட்டு என்னைப் பார்த்தா.

"சொல்லியிருந்தா உங்க கோவம் எங்க போயிருக்கும்? பக்கத்துல நான் மட்டும்தானே இருந்தேன்."

மறுநாள் விடிஞ்சதும் காரைக் கழுவி வாசல்ல நிறுத்துனேன். பையை மாட்டிக்கிட்டு வந்தவ கொஞ்ச நேரம் நின்னு காரைப் பார்த்தா. முன்பக்கக் கதவைத் திறந்து விடலாம்னு சட்டுனு கையை நீட்டுனேன். அவ தலையைப் பின்னால இழுத்து, முழங்கையால மொகத்தை மறைச்சுக்கிட்டா. அப்பறம் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னுட்டு நடந்து போயிட்டா.