முதல் குடத்துக்கு ஒரு கேமரா

போன வருசத் திருவிழா வீடியோவைப் பார்த்ததும் எனக்கு வாயடைத்துப் போய்விட்டது. பால்குடம் எடுத்த பெண்கள் எல்லாருக்கும் அதில் முகம் இருந்தது. எனக்கு மட்டும் பாதம். மஞ்சள் சேலையின் ஓரம், கொலுசு, ரெண்டு கால். அவ்வளவுதான்.

எங்கள் தோட்டம் இப்போது தோட்டமாக இல்லை. ரப்பர் மரம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீட்டுமனை வந்துவிட்டது. அம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. ஈப்போவிலும் சித்தியவானிலும் சிதறிக் கிடக்கிற எங்கள் சனம் திருவிழாவுக்கு அங்கே கூடும். முதல் குடம் என் தலையில்தான் ஏறும். மாமியாருக்குப் பிறகு எனக்கு வந்த உரிமை அது. இன்னொருத்தர் கேட்டதும் இல்லை, நான் விட்டதும் இல்லை.

வீடியோ எடுத்த கோயில் கமிட்டிக்காரரிடம் போய்க் கேட்டேன்.

“யாரு காலுன்னு ஆத்தாளுக்குத் தெரியும்லா அக்கா,” என்று சிரித்து மழுப்பினார்.

“ஆத்தாளுக்குத் தெரியிறதுக்கு வீடியோ எதுக்குய்யா?” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கே முடிவு பண்ணினேன். இந்த வருசம் கேமரா என்னுடையது, எடுக்கப் போவது என் மருமகள். அவளோ, “போன் போதும் அத்தை, எதுக்கு வீண் செலவு,” என்று இழுத்துக்கொண்டே இருந்தாள். விடாமல் ஈப்போவில் ஒரு கேமரா கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் சீனர். அவருடைய அப்பா எங்கள் தோட்டத்து வாசலில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அதனால் என் பேரப்பிள்ளைகளைவிட அவருக்குத் தமிழ் நன்றாக வரும்.

முதலில் காட்டிய கேமராவின் விலையைக் கேட்டதும் அதைத் தள்ளி வைத்தேன். “ஏம்ப்பா, இதுக்கு ஒரு மோட்டார் சைக்கிளே வாங்கலாம் போலிருக்கே!”

“அது கல்யாணத்துக்குப் படம் பிடிக்கிறவங்க வாங்குறது அக்கா. உங்களுக்கு வீடியோ மட்டும்தானே? நடந்துக்கிட்டே எடுப்பீங்க. படம் ஆடாம இருக்கணும், அதான் முக்கியம். இது மூரா, விலை கம்மி, ஆனா நல்ல சாமான்.” சின்னதாக ஒன்றை எடுத்து வைத்தார். “ஒண்ணு சொல்லிர்றேன், அரை மணிக்கு மேல ஒரே மூச்சா எடுக்காது. தானா நின்னுரும். மறுபடி அமுக்கணும்.”

“என்னைப் போலத்தான். கோயில் மேட்டுல நின்னு மூச்சு வாங்கிட்டுத்தான் ஏறணும்,” என்றேன்.

மருமகள் அதைப் பிடித்து என்னை எடுத்தாள். அதன் சின்னத் திரையை என் பக்கம் திருப்பி வைத்திருந்ததால், நான் தெரிவதை நானே பார்க்க முடிந்தது. படம் ஆடியது.

“இது ஆடுது. வேற காட்டு.”

அடுத்ததும் ஆடியது. “என்னப்பா, எல்லாம் ஆடுற சாமானாவே வச்சிருக்க?”

கடைக்காரர் மருமகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். அவர் கேமராவை ஒரு முக்காலி ஸ்டாண்டில் பொருத்தி என் முன்னால் நிறுத்திவிட்டு, கையை எடுத்துக்கொண்டார்.

திரையைப் பார்த்தேன். எனக்குப் பின்னால் சுவர்க் கடிகாரம் அசையவில்லை. அலமாரி அசையவில்லை. அலமாரியில் தொங்கிய விலைச் சீட்டுகூட அசையவில்லை. என் தலை மட்டும், யாரோ எதையோ கொடுக்க வந்தது போலவும் நான் வேண்டாம் வேண்டாம் என்பது போலவும், மெதுவாக ஆடிக்கொண்டே இருந்தது. பல்லைக் கடித்து நிறுத்தப் பார்த்தேன். இன்னும் கூடுதலாகத்தான் ஆடியது.

தினமும் கண்ணாடி பார்த்துத்தான் பொட்டு வைக்கிறேன். ஆனால் ஒரு கையால் மோவாயைப் பிடித்துக்கொண்டு வைப்பது என் பழக்கம்.

“எவ்வளவு நாளா?” என்று மருமகளிடம் கேட்டேன்.

“ரெண்டு வருசமா அத்தை. கிளினிக்ல கேட்டேன். வயசானா சில பேருக்கு வரும், பயப்பட ஒண்ணுமில்லைன்னாங்க.”

“ஊருக்கே தெரியுமா?”

“கமிட்டிக்காரர்கிட்ட நான்தான் சொன்னேன், முகத்தை எடுக்க வேணாம்னு. நீங்க பார்த்தா தாங்க மாட்டீங்கன்னு…” என்றாள்.

போன வருசம் பால் என் தோளில் வழிந்தபோது குடத்தின் வாய் சரியில்லை என்று பாத்திரக் கடைக்காரனைத் திட்டினேனே! பின்னால் வந்தவள் துண்டால் என் முதுகைத் துடைத்துக்கொண்டே வந்தாளே, அதைப் பக்தி என்றல்லவா நினைத்தேன்! ரப்பர் பால் வாளிகளைத் தோளில் காவடி போலக் கட்டித் தூக்கி, சேற்று மேட்டில் ஒரு சொட்டு சிந்தாமல் இறங்கியவள் நான்.

கடைக்காரர் நாற்காலி போட்டார். உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தார். பாதி குடித்தேன்.

“இன்னொரு நாள் பார்த்துக்கலாம் அக்கா,” என்றார்.

“எதுக்கு? கேமரா மேலதான் குத்தம் இல்லையே. இதையே கட்டு. முக்காலியையும் சேர்த்துக் கட்டு.”

மருமகள் பக்கம் திரும்பினேன். “இந்த வருசம் குடத்துல பாலைப் பாதியோட நிறுத்து. மீதியைச் சன்னதியில வச்சு ஊத்திக்கலாம்.”

“அப்ப நீங்கதான் குடம் எடுக்கப் போறீங்களா அத்தை?”

“பின்னே? என் முகத்தை எடு. மறுபடி காலை எடுத்தா, குடத்தை உன் தலையில ஏத்திருவேன்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். கேமராவை இன்னும் யாரும் நிறுத்தவில்லை. திரையில் இருந்த தலை வேண்டாம் வேண்டாம் என்றே ஆடிக்கொண்டிருந்தது. நான் கைப்பையைத் திறந்தேன்.