வெட்டாத கடைசிப் பக்கங்கள்

மாட்டெலும்பில் செய்த ஒரு கத்தி என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. காய் நறுக்க உதவாது, பென்சில்கூடச் சீவாது. தாள் வெட்ட மட்டும்தான். அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் புத்தகங்கள் மடித்த தாள்களின் ஓரம் வெட்டப்படாமலே வரும். வாங்கியவர்தான் கீறித் திறந்து படிக்க வேண்டும். என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிட்டவர், பெண்கள் பள்ளி ஒன்றில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார். மாலையில் அவர் காப்பியோடு உட்கார்ந்துவிட்டால், இந்தக் கத்தி சர்ரென்று போகும் சத்தம் எங்கள் நெல்லித்தோப்பு வீட்டின் கொல்லைவரை கேட்கும். துப்பறியும் சிறுகதை தவிர வேறெதையும் அவர் ஆசையாகப் படித்து நான் பார்த்ததில்லை.

நான் படித்தது வாரப் பத்திரிகைகளில் வந்த புதுமாதிரிக் கதைகள். எங்கள் சண்டையே அதில்தான். அண்ணியின் பழைய கதையில் ஒரு பிணம் இருக்கும், நாலைந்து பேர் இருப்பார்கள், செருப்பில் ஒட்டிய சேற்றைப் பார்த்தே உள்ளதைச் சொல்லிவிடும் ஒரு கெட்டிக்காரர் இருப்பார். கடைசியில் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, இவன்தான் என்று கைகாட்டுவார். அவன் முகம் வெளுத்து ஒப்புக்கொள்வான். என் கதையில் கொன்றவன் யாரென்று முதல் பக்கத்திலேயே தெரியும். அவன் வயிறாரச் சாப்பிடுவான், பெண்டாட்டிக்குப் பூ வாங்கிப் போவான். துப்பறிபவன்தான் தடுமாறித் தப்பான ஆளைப் பிடிப்பான். "இதெல்லாம் ஒரு கதையா? கொன்னவனுக்கு நெஞ்சு உறுத்தாமயா இருக்கும்?" என்பார் அண்ணி. "உங்க கதையில மட்டும் எப்படி அண்ணி அத்தினி பேரும் ஒரே ரூம்புல வந்து உக்கார்றாங்க?" என்று நான் சீண்டுவேன்.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய வருஷம், அது இறங்குவதற்குச் சில மாதம் முன்னால், எங்களோடு அதே வீட்டில் இருந்த அண்ணியின் கணவர் வைத்திக்குப்பம் கரையில் படகுகளுக்கு நடுவே மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். முந்தைய சாயங்காலம் அவரோடு மூன்று பேர் இருந்தார்கள். ஒருவன் ரெட்டியார்பாளையத்துத் தென்னந்தோப்பில் அவரோடு பங்கு வைத்திருந்த பங்காளி. இன்னொருவர் கொத்து மேஸ்திரி. மூன்றாமவர் சின்ன வயதிலிருந்து அவருக்கு உயிர் நண்பரான தையற்காரர். இருட்டுமுன்பே கலைந்துவிட்டோம் என்றார்கள் மூவரும். விசாரித்த பிரெஞ்சு அதிகாரி கப்பலேறிவிட்டார். புதிதாக வந்தவர்களுக்கு அவர் எழுதிவைத்தது புரியவில்லை. புரிந்துகொள்ளும் அக்கறையும் இல்லை. பூவும் பொட்டும் போனதைவிட, யார் என்று தெரியாததுதான் அண்ணியை அரித்தது. தெருவில் எதிர்ப்படும் ஆண்களின் கைகளையே பார்த்துக்கொண்டு நடப்பார்.

முதல் தெவசம் வந்தது. மூவரையும் சாப்பிட அழைக்கச் சொன்னார். "கொன்னவன் படையல் சோத்துல கை வைக்கமாட்டான். வச்சாலும் தொண்டையில எறங்காது. நீ பாரு" என்றார். எங்கள் பக்கத்தில் அதை நம்பாதவர்கள் அன்று யாருமில்லை, நான் உட்பட. படத்துக்கு முன் படைத்ததையே கூடத்தில் மூன்று இலைகளில் பரிமாறினோம். உறவுக்காரர்கள் சுவரோரம் நின்றார்கள். பங்காளி வடையைப் பிட்டுத் தின்று, பூசணிக்காய்க் கூட்டு இன்னொரு கரண்டி கேட்டான். மேஸ்திரி தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தார். தையற்காரர் சோற்றைப் பிசைந்தார், வாய்வரை கொண்டுபோனார், படத்தைப் பார்த்தார், கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"இவன்தான்" என்றார் அண்ணி. புத்தகத்தில் வருவதுபோலவே கை நீண்டிருந்தது.

"என்னம்மா, நானா?" என்று மட்டும் கேட்டார் அந்த மனிதர். அதற்குப் பிறகு அவரிடம் யாரும் தைக்கத் துணி கொடுக்கவில்லை. மகளுக்குப் பேசியிருந்த சம்பந்தம் முறிந்தது. அடுத்த மழைக்காலத்தில் அவரும் அதே வைத்திக்குப்பம் கரையில் பிணமாக ஒதுங்கினார். நன்றாக நீந்தத் தெரிந்தவர். "பாத்தியா, நெஞ்சு உறுத்திடுச்சு" என்றார் அண்ணி.

சில வருஷம் கழித்து, அதே தோப்புக்காகத் தன் தம்பியோடு மல்லுக்கு நின்ற பங்காளி, சாராயக்கடை வாசலில் பத்துப் பேர் கேட்கக் கத்தினான்: "அவன கரையில சாச்ச மாதிரி உன்னையும் சாச்சிடுவன்டா!" மறுநாள் குடிவெறியில் உளறிவிட்டேன் என்றான். என் கணவர் போலீசுக்கு நடையாய் நடந்தார். பழைய காகிதங்கள் எங்கே என்றே தெரியவில்லை என்றார்கள். பங்காளி குண்டுக்கல்லாக இருந்தான். மாலையில் பெண்டாட்டிக்குப் பூ வாங்கிக்கொண்டு எங்கள் தெரு வழியாகவே போவான். எங்கள் பழைய சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன். அப்படி ஒரு ஜெயிப்பு யாருக்கும் வேண்டாம்.

அண்ணி என்னைக் கூட்டிக்கொண்டு தையற்காரர் வீட்டுக்குப் போனார். அவர் மனைவி எங்களை உள்ளே கூப்பிடவில்லை, விரட்டவும் இல்லை. நிலைப்படியில் நின்றபடியே சொன்னார்: "அன்னிக்கு வந்து ராவெல்லாம் அழுதாரு. 'அவன் இல்லாத ஊட்டுல நான் மட்டும் எப்படி சாப்புடறது'ன்னாரு." அவ்வளவுதான் சொன்னார். அண்ணிமேல் எனக்குக் கோபமும் இரக்கமும் ஒன்றாக வந்தன, இன்றும் அப்படித்தான்.

அதன் பிறகும் அவர் புத்தகம் வாங்கினார், படித்தார். ஆனால் ஒவ்வொரு கதையிலும் கடைசித் தாள்களை மட்டும் வெட்டாமல் விட்டுவிடுவார். ஏன் என்று கேட்டேன். "கையக் காட்டிடுவாங்கம்மா. பயமா இருக்கு" என்றார்.

அண்ணி போய்ப் பல காலமாகிறது. இப்போது புத்தகங்கள் ஓரம் சீராக வெட்டியே வருகின்றன. போன மாதம் என் பேத்தி அலமாரியிலிருந்து அவருடைய புத்தகம் ஒன்றை எடுத்து, எலும்புக் கத்தியையும் கண்டுபிடித்துக்கொண்டு வந்து, வெட்டட்டுமா என்று கேட்டாள். இரண்டையும் வாங்கி உள்ளே வைத்துவிட்டேன். அந்த மடித்த தாளுக்குள் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படியே இருக்கட்டும். யாரும் எழுந்து யாரையும் கைகாட்ட வேண்டாம்.