ஜூன் மாதத்துச் சுவர்

ஜூன் மாதம் என்றாலே எவுசேபியோவுக்குப் பற்றிக்கொண்டு வரும். கலிபோர்னியாக் கடற்கரை ஊரான ஓஷன்சைடில் இருபத்தாறு வருடமாக வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். மே பாதியில் கடலிலிருந்து ஏறி வந்து உட்காரும் மூட்டம் லேசில் கிளம்பாது. மழையாகக் கொட்டித் தொலைத்தாலாவது ஒருநாள் படுத்துக் கிடக்கலாம். இது பெய்யவும் செய்யாது, விடவும் செய்யாது. காலையில் சுவரெல்லாம் வியர்த்துக் கிடக்கும். மதியம் ஒரு மணிக்கு மேல் காய்ந்தால் உண்டு. அதற்குள் அடித்து முடித்து, மாலை மூட்டம் வருவதற்குள் உலரவும் வேண்டும்.

இந்த வருடம் வந்து வாய்த்த வீட்டுக்காரர் விட்லாக். மார்ச்சில்தான் பீனிக்ஸிலிருந்து குடிவந்திருந்தார். பாலைவனத்து மனுஷன், ஈரம் என்றால் வானத்திலிருந்து விழுந்தாக வேண்டும் அவருக்கு. எவுசேபியோவும் கூட வேலை செய்யும் மச்சினன் ரமிரோவும் சுவர் காயட்டும் என்று உட்கார்ந்திருக்க, காலை எட்டு மணிக்கே போனை நீட்டிக்கொண்டு வந்தார்.

"மழையே இல்லன்னு போட்டிருக்கான். நீங்க ரெண்டு பேரும் குந்திக்கிட்டு காப்பி குடிக்கிறீங்க?"

"போன்ல ஈரம் இல்ல சார், சுவத்துல இருக்கு. தொட்டுப் பாருங்க."

அவர் தொடவில்லை. "சனிக்கிழமை இதே தோட்டத்துல என் பொண்ணுக்குக் கல்யாணம். தெரியாதுன்னா சொல்லிடுங்க, வேலை தெரிஞ்ச ஆளா பாத்துக்கிறேன்."

வேலை தெரிஞ்ச ஆள்! அந்தத் தெருவில் ஒன்பது வீடு எவுசேபியோ கைபட்டது. ஒன்றிலாவது ஒரு பொருக்கு உதிர்ந்ததாக யாரும் சொன்னதில்லை. உச்சி மண்டை வரை சுர்ரென்று ஏறியது. எழுந்து போய் டப்பா மூடியை நெம்பித் திறந்தான்.

ரமிரோ கையைப் பிடித்தான். "மச்சான், வேணாம். அந்தாளு மேல இருக்கிற கோவத்தை சுவத்துல காட்டாத."

"வாயை மூடிக்கிட்டு ரோலரை எடுடா."

பத்தரை மணிக்கு முன்பக்கம் முழுக்க வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. அன்று முழுக்க வெயில் எட்டிப் பார்க்கவேயில்லை.

மறுநாள் காலை அந்த வெள்ளைச் சுவரில், காயாத பெயின்டிலிருந்து கசிந்த பசை மேலிருந்து கீழ்வரை பழுப்புக் கோடுகளாகப் பிசுபிசுவென்று வழிந்திருந்தது. யாரோ மாடியிலிருந்து தேநீரைக் கொட்டியது போல. விட்லாக் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"இருபத்தாறு வருஷமாம்! தெரு குரூப்புல போடுறேன், எல்லாரும் பாக்கட்டும்."

நான் அப்பவே சொன்னேனே என்று ரமிரோ வாயெடுத்தான். எவுசேபியோ அவனைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தான். விட்லாக் மேல் இருந்ததைவிட இப்போது தன் கைமேல்தான் ஆத்திரம் அதிகம்.

"போடுங்க சார். நீங்க தெரியாம அடிக்கச் சொன்னீங்க. நான் தெரிஞ்சே அடிச்சேன். அதையும் சேத்து எழுதிப் போடுங்க."

சொல்லிவிட்டு வாளியில் தண்ணீர் பிடித்து, ஸ்பாஞ்சை நனைத்து, ஏணியில் ஏறிக் கழுவத் தொடங்கினான். அரை மணி நேரத்தில் தெரு முழுவதும் அந்தப் படம் போய்ச் சேர்ந்தது. கீழே ஒரு வரிதான் இருந்தது. 'இந்த ஆளுக்கு வேலை தெரியாது.'