கைதட்டலை நம்பாத பகவதி டீச்சர்

சென்ற ஞாயிறு காலை என் மருந்துக்கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது பகவதி டீச்சரின் மகன் அழைத்தார். "அண்ணே, அம்மா தூக்கத்திலயே போயிட்டா." முந்தின நாள் மாலைதான், ஒத்திகைக்கு ஏன் வரவில்லை என்று டீச்சர் என்னைப் போனில் திட்டியிருந்தார். நம்ப முடியவில்லை. வெயில் ஏறுவதற்குள் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் புகழுரைகள் குவிந்தன. எல்லாவற்றிலும் 'இந்த வயதிலும்' என்ற சொல் இருந்தது. டீச்சர் படித்திருந்தால் குழுவை விட்டே வெளியேறியிருப்பார்.

சுசீந்திரத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். அதன் பிறகுதான் பாட்டு கற்கத் தொடங்கினார். பொழுதுபோக்குக்காக அல்ல, கச்சேரிப் பாடகியாக வேண்டும் என்று. அறுபது கடந்து முதல் மேடை. மிருதங்கம் வாசிக்க என்னைக் கூப்பிட்டவர் கேட்ட முதல் கேள்வி இது: "எம் மகன் ஏதாவது சொன்னானா மக்கா? அம்மைக்கு வாசிச்சுக் குடுன்னு?"

இல்லை என்றேன். கடைசிவரை அவர் அதை நம்பவில்லை.

அந்தக் கச்சேரி முடிந்ததும் அரங்கம் அதிரக் கைதட்டினார்கள். டீச்சர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "பாதிப்பேரு எங்கிட்ட படிச்ச பிள்ளைங்க. கணக்குல பாஸ் போட்டதுக்குத் தட்டுகாங்க, கேட்டியா."

குழித்துறையில் ஒரு கோயில் விழா. "எழுபதை நெருங்கும் இந்தத் தாயின் தன்னம்பிக்கையைப் பாராட்டி..." என்று அறிவிப்பாளர் தொடங்க, டீச்சர் கையை நீட்டி மைக்கை வாங்கிவிட்டார். "தம்பி, என் வயசு எனக்குத் தெரியும். பாட்டு எப்படின்னு இவங்க கேட்டுச் சொல்லட்டும்." கூட்டம் அதற்கும் கைதட்டியது. விழாக்குழுவினர் முகம் இறுகியது. அந்தப் பக்கத்திலிருந்து பிறகு ஓர் அழைப்பும் வரவில்லை.

"வாற சான்ஸையும் கெடுத்துக்கிடுதீங்களே டீச்சர்" என்று கோபித்துக்கொண்டேன்.

"பரிதாபப்பட்டுத் தாற மேடை எனக்கு என்னத்துக்கு மக்கா?"

பெயரையும் வயதையும் பார்க்காமல் குரலை மட்டும் கேட்பவர்கள் வேண்டும் என்று வானொலிக் குரல்தேர்வுக்கு விண்ணப்பித்தார். பாடுபவர் ஓர் அறையில், மதிப்பிடுபவர்கள் இன்னொரு அறையில். தேர்வாகவில்லை என்று பதில் வந்தது. என்ன ஆறுதல் சொல்வது என்று யோசித்தபடியே அவர் வீட்டுக்குப் போனேன். பால்பாயசம் காத்திருந்தது.

"குடி மக்கா. இன்னைக்குத்தான் ஒருத்தன் எம் பாட்டைக் கேட்டிருக்கான்."

மறுநாளிலிருந்து விடியற்காலைச் சாதகம் இரட்டிப்பானது. பேரக்குழந்தைகளைப் பார்க்க மகன் வீட்டுக்குப் போவதைக்கூட குறைத்துக்கொண்டார். மறுபடியும் தேர்வுக்குப் போனார், இந்த முறை தேர்வானார். அன்று பாயசம் இல்லை. முற்றத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். "கேட்டவன் நம்ம ஊர்க்காரனா இருப்பானோ? குரலை வச்சுக் கண்டுபிடிச்சிருப்பானோ?"

போன மழைக்காலத்தில் ஆரல்வாய்மொழியில் பாடினார். காற்றும் மழையும் சேர்ந்து அடித்ததில் வந்தவர்கள் சிலர்தான். அவர்களில் ஒருவருக்கும் டீச்சரைத் தெரியாது. சஹானா ராகத்தில் ஒரு கீர்த்தனையை எடுத்து, அதன் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப விரித்துப் பாடினார். முடித்தபோது யாரும் கைதட்டவில்லை. யாரும் எழுந்திருக்கவும் இல்லை.

திரும்பும்போது காரில் கண்ணாடியில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தார். பிறகு, "இன்னைக்குக் கொஞ்சம் நல்லா இருந்துதோ?" என்றார்.

"ஆமா டீச்சர்."

"நீ என்னத்துக்கு உடனே ஆமான்னு சொல்லுத?" என்னை உற்றுப் பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டார்.

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தச் சந்தேகம்தான். என் வாசிப்பை யாராவது புகழ்ந்தால், எந்த இடம் என்று கேட்கத் தோன்றுகிறது. இதைப் படிக்கும், டீச்சரை அறிந்த உங்களிடமும் அதனால் அவரைப் பொதுவாகப் புகழப் போவதில்லை. மேல்ஸ்தாயியில் அவருக்குக் குரல் நடுங்கும். வேகமான பாட்டில் தாளத்தை முந்திவிடுவார், நான் ஓடிப் பிடிக்க வேண்டியிருக்கும். ஆனால் அந்த மழைநாளில், அந்த வரியைப் பாடிக் கீழ்ஷட்ஜத்துக்கு இறங்கி அவர் நின்றபோது, நான் ஓர் ஆவர்த்தனம், ஒரு தாளச் சுற்று முழுக்க, மிருதங்கத்தில் கை வைக்க மறந்து உட்கார்ந்திருந்தேன். டீச்சர் திரும்பி என் கைகளைப் பார்த்தார். அதைப் பற்றி மட்டும் அவர் எதுவுமே கேட்கவில்லை.