மாப்பிள்ளையை விட்டுவிட்ட பூதம்

பஸ் டிப்போவில் சீட் உறை தைக்கிறவள் அவள். பிளேடால் கீறின சீட், ஸ்பிரிங் எட்டிப் பார்க்கிற சீட், எல்லாம் அவள் மேஜைக்குத்தான் வரும். ரெக்சினோடு மல்லுக்கட்டி வீடு வந்து சேர்ந்தால் வாய் திறந்து பேசக்கூடத் தெம்பிருக்காது. அப்படிப்பட்டவள் ஐம்பது வயதுக்குமேல் பூதமானாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆனாள். எல்லாம் மாப்பிள்ளையின் புண்ணியம்.

மகளுக்குக் கல்யாணமான புதிதில் மாப்பிள்ளை வந்தாலே வீடு விறைத்துப்போகும். "வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க மாப்பிள்ளை" என்பதோடு பேச்சு தீர்ந்துவிடும். பிறகு அவர் சுவரைப் பார்ப்பார், மாமனார் ஃபேனைப் பார்ப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையே பொறுக்கமாட்டாமல் எல்லோருடைய போனிலும் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தார். நாலு பேர் ஓட வேண்டும், ஒரு பூதம் துரத்த வேண்டும். நாலு பேரும் சேர்ந்து மோட்டார்களை ஓடவைத்தால் வெளிவாசல் திறக்கும். அதற்குள் பூதத்திடம் மாட்டினால் கூண்டுதான்.

"பூதமா யாரு இருக்கிறது?" என்று மகள் கேட்டாள்.

"அதுக்கென்ன பஞ்சம்? அண்ணி இருக்காங்களே!" என்றாள் வீட்டுக்காரரின் தங்கையான நாத்தனார். வீடே சிரித்தது. மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தார்கள். இதற்காக ஆயுசு முழுக்கப் பூதமாக இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

அதிலிருந்து ஞாயிறு தவறாமல் ஆட்டம். ஆட்டத்தைவிட, முடிந்த பிறகு நடக்கிற சண்டைதான் அமர்க்களம். தப்பித்தவருக்கு மட்டும் போனில் 'வெற்றி' என்று வரும். வீட்டுக்காரர் மோட்டார் பக்கமே எட்டிப் பார்க்காமல் மூலையில் பதுங்கியிருந்து, வாசல் திறந்ததும் நழுவிவிட்டு, "ஜெயிச்சுட்டேன்!" என்பார்.

"நல்லா ஜெயிச்சே! மோட்டார் ஓட்டினது நான், கூண்டுல கிடக்கிறது நான். என்னாலதானே வாசல் திறந்தது? அப்போ ஜெயிச்சது நான்!" என்று தங்கைக்காரி பிடித்துக்கொள்வாள்.

பூதத்துக்கோ வெற்றியும் வராது, தோல்வியும் வராது, வெறும் புள்ளிதான் வரும். கடைசியில் மகள்தான் தீர்ப்புச் சொன்னாள். மூன்று பேர் மாட்டினால் பூதத்துக்கு ஜெயம், மூன்று பேர் தப்பித்தால் தோல்வி, ரெண்டுக்கு ரெண்டு என்றால் சமம். அப்படியும் சண்டை ஓய்ந்தபாடில்லை. டிப்போவில் ஊசி கோத்துக்கொண்டே இவள் அதையெல்லாம் நினைத்துத் தனக்குள் சிரிப்பாள். இத்தனை வயதுக்கப்புறம் இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை யாருக்கு வாய்க்கும்?

கெடுத்தது அவளேதான். அன்றைக்கு மூன்று பேரைக் கூண்டில் போட்டுவிட்டாள். மிச்சம் மாப்பிள்ளை ஒருவர். அடிபட்டு நொண்டிக்கொண்டு, திறந்த வாசலுக்குப் பக்கத்தில், பூதத்தின் கண்ணெதிரே நிற்கிறார். ஒரே அடி போதும். அவளுக்குக் கை வரவில்லை. மாப்பிள்ளையைப் போய் அடிப்பதா? பூதத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி நிறுத்திக்கொண்டாள். அவர் வெளியே போனார். அவருக்கும் வெற்றி, மூன்று பேரைப் பிடித்த தனக்கும் ஜெயம், யாருக்கும் மனக்குறை இல்லை என்று அவள் பாட்டுக்குச் சந்தோஷப்பட்டாள்.

மாப்பிள்ளை போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "கொஞ்சம் வேலை இருக்கு அத்தை" என்று எழுந்து போய்விட்டார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

மகளுக்குப் போன் போட்டு என்னவென்று கேட்டாள்.

"ஏம்மா, அப்பாவை விட்டியா, என்னை விட்டியா? பெத்த பொண்ணுன்னுகூடப் பார்க்காம என்னை முதல் ஆளா அமுக்கினே. அவரை மட்டும் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டே. விருந்தாளியைத்தானே அப்படி அனுப்புவாங்கன்னு கேக்கிறார். நான் என்ன சொல்ல?"

"மரியாதை குடுத்தது ஒரு குத்தமாடி?" என்று எரிந்து விழுந்து போனை வைத்தாளே தவிர, மனசு கேட்கவில்லை. மறுநாள் டிப்போவில் ஒரு சீட் உறையை முழுக்கத் தைத்து முடித்த பிறகுதான் உள்பக்கம் வெளியே இருப்பது தெரிந்தது. அதைப் பிரித்துக்கொண்டே யோசித்தாள். வாசலோடு வழியனுப்பிவிட்டோமே! இந்தப் பிள்ளை இனி நம் வீட்டில் சுவரையே பார்த்துக்கொண்டு உட்காருமோ என்று நினைத்ததும் உறையைக் கீழே வைத்தாள். அங்கேயே போனை எடுத்தாள்.

"மாப்பிள்ளை, ஞாயித்துக்கிழமை வாங்க. இந்தத் தடவை உங்களைச் சும்மா விடப்போறதில்லை."

"வர்றேன் அத்தை" என்றார்.

வந்தார். ஆட்டம் தொடங்கியதும் பூதம் வேறு யாரையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மாப்பிள்ளை மாடிக்கு ஓடினால் மாடிக்கு, கிணற்றடிக்கு ஓடினால் கிணற்றடிக்கு. நாத்தனார் மோட்டார் ஓட்டுவது காதில் விழுகிறது, திரும்பவே இல்லை. வீட்டுக்காரர் பூதத்தின் குறுக்கே நடந்து போகிறார், கண்டுகொள்ளவில்லை.

"என்னடி இது, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? நாங்கல்லாம் வெளியே போறோம்!" என்று அவரே பரிதாபப்பட்டுக் கத்தினார்.

"போங்களேன், உங்களை யாரு பிடிச்சு வச்சா!"

மூன்று பேரும் ஆடி அசைந்து வெளியேறினார்கள். மாப்பிள்ளை கடைசியாக ஒரு அலமாரிக்குள் புகுந்தார். பூதம் கதவைப் பிடுங்கித் தரதரவென்று இழுத்துக் கூண்டில் போட்டது. அவருக்குத் தோல்வி. மகளின் கணக்குப்படி பூதத்துக்கும் படுதோல்வி. ஜெயித்த மூன்று பேரும் திருதிருவென்று விழிக்க, தோற்ற ரெண்டு பேரும் மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சிரித்துச் சிரித்து மாப்பிள்ளையின் கண்ணில் நீர் தளும்பியது. துடைத்துக்கொண்டே சொன்னார்:

"நான் ஹாஸ்டல்ல வளர்ந்தவன் அத்தை. ஒளிஞ்சு விளையாடினா என்னைத் தேடி யாரும் வரமாட்டாங்க. ஒளிஞ்ச இடத்துலயே உட்கார்ந்திருப்பேன். வெளியே வந்து பார்த்தா எல்லாரும் சாப்பிட்டு முடிச்சிருப்பாங்க."

எங்கேயோ மறந்து விடப்பட்ட பிள்ளை, அத்தனை வீட்டையும் தாண்டி இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்ததே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. கட்டின பெண் பக்கத்தில் இருக்கிறாளே, மாமனார் பார்க்கிறாரே என்றெல்லாம் அவள் பார்க்கவில்லை. எழுந்து போய் மாப்பிள்ளையின் காதைப் பிடித்துத் திருகினாள்.

"இனிமே எங்கே ஒளிஞ்சாலும் விடமாட்டேன், ஆமாம்!"

"வலிக்குது அத்தை" என்றார் அவர். ஆனால் தலையை நகர்த்தவே இல்லை.