வளைவுலேருந்து வர்ற போன்

ரெக்கவரி வண்டிக்காரன் சீக்கிரம் வந்தாலும் திட்டு, லேட்டா வந்தாலும் திட்டு. அவன் மூஞ்சியப் பார்த்துச் சிரிச்சவங்க இதுவரைக்கும் யாரும் கெடையாது. நான் கடலூர் ஓ.டி.யில, அதான் ஓல்டு டவுன்ல, வண்டிய நிறுத்தி வச்சிருக்கேன். தெக்கே சிதம்பரம், இந்தப் பக்கம் பண்ருட்டி, அந்தப் பக்கம் சேத்தியாத்தோப்பு வரைக்கும் அடிபட்ட வண்டிங்களத் தூக்கிப் பொழைக்கிறேன். உங்க வண்டி எப்பவாவது ரோட்டோரம் சாஞ்சிருந்தா என்னை மாதிரி ஒருத்தன நீங்களும் சந்தேகமாப் பார்த்திருப்பீங்க. இதே தொழில்ல இருந்தீங்கன்னா அந்தப் பார்வைய வாங்கிக் கட்டிகிட்டிருப்பீங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

பின்னாடியே வந்தவன்

ஆலப்பாக்கம் தாண்டி ஒரு கார், குறுக்க வந்த மாட்டுக்கு ஒதுங்கப் போயி வாய்க்கால்ல எறங்கிடுச்சு. சென்னைக்காரரு, குடும்பத்தோட சிதம்பரத்துக்குச் சாமி கும்பிடப் போறவரு. யாருக்கும் பெருசா ஒண்ணும் இல்ல, பையனுக்கு உதடு கிழிஞ்சிருந்துச்சு. அவரு சேத்துல நின்னுகிட்டு இன்சூரன்ஸ்காரங்களுக்குப் போன் போட்டு, தமிழுக்கு ஒண்ண அமுத்து, இங்கிலீசுக்கு ரெண்ட அமுத்துன்னு அது சொல்றதக் கேட்டுகிட்டிருக்காரு. அதுக்குள்ள நான் போயி நிக்கிறேன்.

போனக் காதுலேருந்து எடுத்துட்டு என்னையும் என் வண்டியையும் ஏற எறங்கப் பார்த்தாரு. அவரு சம்சாரம் புள்ளைய அணைச்சிகிட்டு ரெண்டடி தள்ளிப் போயி நின்னாங்க, புள்ள புடிக்கிறவன் வந்த மாதிரி. நான் சங்கிலிய மாட்டி இழுத்தேன். கார் மேல ஏறுன பெறகுதான் கேட்டாரு: "ஏம்ப்பா, நான் விழுவேன்னு தெரிஞ்சு பின்னாடியே வந்தியா?"

ஜோசியம் இல்ல

ஜோசியமும் இல்ல, போலீஸ் வயர்லெஸ்ஸ ஒட்டுக் கேக்குறதும் இல்ல. ரோட்டோரம் கடை வச்சிருக்கவங்க போன் பண்றாங்க, அவ்ளோதான். ஆலப்பாக்கத்துல ஜப்பார் பாய் டீக்கடை. சேத்தியாத்தோப்புல ரைஸ்மில் வாட்ச்மேன். ஒடஞ்ச வண்டி கடைய மறிச்சு நின்னா யாவாரம் படுத்துடும், அதான் அவுங்க அவசரம். நானும் போக வர எறங்கி டீ குடிச்சு ரெண்டு வார்த்தை பேசிட்டுத்தான் போவேன். ஆனா எல்லாருக்கும் முந்துற போன், புதுச்சத்திரம் தாண்டி ஒரு வளைவு இருக்கு, அங்கேருந்துதான் வரும். அந்த வளைவுல பஞ்சர் கடை போட்டிருந்தவன் செல்வம். என் சம்சாரம் கலாவோட தம்பி, எனக்கு மச்சான்.

செல்வம் போன் பண்ணா கதையெல்லாம் சொல்ல மாட்டான். சின்ன ஒடசல்னா, "வாங்க மாமா." ஆள் உள்ள மாட்டிகிட்டிருந்தா, கதவ இழுக்க என் சங்கிலி வேணும்னா, "சீக்கிரம் வாங்க." ஆள் போயிட்டா மட்டும், "மெதுவா வாங்க." போலீஸ் வந்து பார்க்காம அந்த வண்டியத் தொடக் கூடாது, நான் பறந்து போயும் பிரயோஜனம் இல்ல. செத்துட்டாங்கன்னு அவன் வாயால சொல்லி நான் கேட்டதே இல்ல. இந்தப் பழக்கம் மத்தவங்களுக்கும் தொத்திகிச்சு; ஜப்பார் பாயும் அப்படியேதான் சொல்லுவாரு. ஏன்டா, நேரா சொன்னா என்னன்னு ஒருதரம் கேட்டேன். அவன் டியூப்ப தண்ணியில முக்கிகிட்டே சொன்னான்: "வீட்டுக்காரங்களுக்கே இன்னும் தெரியாது மாமா, அதுக்குள்ள நாம எப்படி சொல்றது?"

சிவப்புத் துண்டு

கலாவுக்கு அந்த வளைவுன்னாலே ஆகாது. என் போன் அடிச்சா அடுப்படியிலேருந்து வர்ற மொத கேள்வி, "தம்பி நல்லா இருக்கானா?" ஏன்னா செல்வம் போன் பண்றதோட நிக்க மாட்டான். வளைவுக்கு அந்தாண்ட வண்டி கெடக்குறது இந்தாண்ட வர்றவனுக்குத் தெரியாது. அதனால தோள்ல கெடக்குற சிவப்புத் துண்ட எடுத்துகிட்டு நடு ரோட்டுல போயி நின்னு ஆட்டுவான், போலீஸ் வர்ற வரைக்கும். எத்தினியோ வண்டி அவன் மேல உரசுற மாதிரி வந்து பிரேக் அடிச்சிருக்கு. திட்டிட்டும் போயிருக்காங்க.

எப்படியாவது அவன அங்கேருந்து கெளப்பிடணும்னு கலா ஓ.டி. மார்க்கெட் பக்கம் ஒரு கடை பார்த்து வச்சா. ஒரு ஞாயித்துக்கிழமை சங்கரா மீன் கொழம்பு வச்சு, செல்வத்தையும் அவன் பொண்டாட்டி மலரையும் கூப்ட்டு உக்கார வச்சா. கரண்டியக் கையிலயே புடிச்சிகிட்டு, "எப்ப வர்றன்னு சொல்லு, அப்பதான் அடுத்த மீனு"ன்னு நின்னுட்டா. மலரும் அவன் தொடையில இடிச்சுது. செல்வம் சிரிச்சிகிட்டே, சரிக்கா, பொங்கல் கழிச்சு வந்துடுறேன்னான். கலா மூஞ்சி அன்னைக்கு மாதிரி தெளிஞ்சு நான் பார்த்ததில்ல. கை கழுவும்போது என்கிட்ட மட்டும் சன்னமா கேட்டான்: "நான் இங்க வந்துட்டா அங்க யாரு மாமா துண்ட ஆட்டுறது?"

பலாப்பழ லோடு

பண்ருட்டியிலேருந்து கும்பகோணத்துக்குப் பலாப்பழம் ஏத்திகிட்டுப் போன லாரி சேத்தியாத்தோப்புக்கு முன்னாடி கவுந்துடுச்சு. நான் போறதுக்குள்ள ஊரே கூடிடுச்சு. பைக்காரனுங்க டேங்க் மேல ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு வச்சிகிட்டுப் போறானுங்க. ஒரு அம்மா என்கிட்டயே வந்து, "செத்த இத தலையில தூக்கி வுடு தம்பி"ன்னாங்க.

டிரைவரு வேப்பமரத்தடியில கைய லுங்கியில சுத்திகிட்டு உக்காந்திருந்தாரு. ரத்தம் ஊறி சொட்டிகிட்டிருக்கு. ஒருத்தரும் கிட்ட போகல. என் பாட்டில் தண்ணிய குடுத்து, வாட்ச்மேன விட்டு ஆட்டோ புடிச்சு ஆசுபத்திரிக்கு அனுப்பி வச்சேன். ஆட்டோவுல ஏறும்போது லாரிப் பக்கம் திரும்பிப் பார்த்துட்டு சொன்னாரு: "நல்ல பழமாப் பார்த்து எடுக்கத் தெரியுது சார், அடிபட்டவன் எவன்னு பார்க்கத் தெரியல."

பிள்ளையாரு

செல்வம் ஒருதரம் மெதுவா வாங்கன்னு சொன்ன ஒரு காரத் தூக்கிட்டு வந்து போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல எறக்குனேன். ரெண்டு நாள் கழிச்சு வேற வண்டியோட அங்க போனா, ஒரு பெரியவரு அந்தக் கார சுத்திச் சுத்தி வர்றாரு. மருமகன் ஓட்டுன வண்டியாம். முன்பக்கம் பேப்பரக் கசக்குன மாதிரி இருக்கு. டேஷ்போர்டுல ஒட்டி வச்ச பிள்ளையாரு மட்டும் கீறல் கூட இல்லாம உக்காந்திருக்காரு. எடுத்துத் தரட்டுமான்னு கேட்டேன், அதுக்குத்தான் வந்திருக்காருன்னு நெனச்சு. ரொம்ப நேரம் பார்த்துட்டு, வேணாம்னு கையாட்டுனாரு: "அவரு அவர மட்டும் பாத்துகிட்டாரு, இருக்கட்டும்."

ஜப்பார் பாய் போன்

பொங்கலுக்கு நாலஞ்சு நாள் இருக்கும். காலையில பனி எறங்கி, எதுக்க வர்ற வண்டி கிட்ட வந்தாத்தான் தெரியுது. செல்வம் போன். "மாமா, சீக்கிரம் வாங்க. கார் புளியமரத்துல. டிரைவருக்குக் கால் மாட்டிகிச்சு." சொல்லிட்டு வச்சிட்டான். அடுப்படியிலேருந்து கலா கேட்டா. "அவன்தான்டி பேசுனான், நல்லாத்தான் இருக்கான்"னு சொல்லிட்டுக் கெளம்புனேன்.

பாதி வழியில ஜப்பார் பாய் போன் பண்ணாரு. "அண்ணே, மெதுவா வாங்க." உடனே வச்சிட்டாரு. சரி, கார் டிரைவர் போயிட்டாருன்னு ஆக்சிலேட்டர்லேருந்து கால எடுத்தேன். டீக்கடையத் தாண்டும்போது பார்த்தா அடுப்பு எரியுது, பாயக் காணோம். விவரம் கேக்கலாம்னு செல்வத்துக்குப் போட்டேன், எடுக்கல. துண்டோட நிப்பான், எங்க எடுப்பான்னு விட்டுட்டேன். எந்த வீட்டுப் புள்ளையோ, யாரு போயி அந்த வீட்டுல சொல்லப் போறாங்களோன்னு நெனச்சுகிட்டே ஓட்டுனேன்.

வளைவுல வண்டிய நிறுத்துனா, பஞ்சர் கடை டயர் மேல ஒருத்தரு கால நீட்டிகிட்டு சோடா குடிச்சிகிட்டிருக்காரு. அவருதான் கார் டிரைவரு. செல்வம் கடப்பாறையப் போட்டு நெம்பி அவர வெளிய எடுத்துட்டு, அதுக்கப்புறம் துண்ட எடுத்துகிட்டு ரோட்டுக்குப் போயிருக்கான். பனியில வந்த வேன் அவனப் பார்க்கல. துண்டு நடு ரோட்டுல கெடந்துச்சு. அவன ஓரமா வச்சு ஒரு வேட்டியப் போர்த்தியிருந்தாங்க. அங்கயே ரோட்டுல உக்காந்து அழுதேன். எத்தினி பேர ஓரமா நின்னு பார்த்தவன் நான். வீட்டுக்காரங்களுக்கு இன்னும் தெரியாதுன்னு அவன் சொல்லுவானே, இந்தத் தடவ அந்த வீட்டுக்காரன் நான்தான். சேதி கேட்டு எனக்கு முந்தியே ஓடி வந்திருந்த ஜப்பார் பாய் என் தோளப் புடிச்சிகிட்டாரு. அவருக்கும் கண்ணு ரெண்டும் செவந்து போயிருந்துச்சு. "வேற எப்படி சொல்றதுன்னு தெரியலண்ணே, அவன் சொல்ற மாதிரியே சொல்லிட்டேன்."

மலரு

ஓ.டி. கடைய எடுத்துத் தர்றோம், வந்துடுன்னு கலா மலர எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தா, சண்டை கூடப் போட்டா. மலரு கேக்கல. காத்தடிக்கவும் பஞ்சர் ஒட்டவும் அவன் பக்கத்துல நின்னே கத்துகிச்சாம், ஊரு பழகுன எடத்த விட்டுட்டு எங்க போறதுன்னுச்சு. கருமாதி முடிஞ்சு கொஞ்ச நாள்ல கடையத் தொறந்துடுச்சு. ஒரே ஒரு மாத்தம்: ரோட்டுல போயி நிக்கிறதில்ல. பழைய டயருங்களுக்கு வெள்ளையடிச்சு அடுக்கி வச்சிருக்கு. ஏதாவதுன்னா கடைக்கு வந்தவங்களோட சேர்ந்து வளைவுக்கு முன்னாடியே வரிசையா உருட்டி விட்டுட்டு, அந்தத் துண்ட மொத டயர்ல கட்டி விடுது.

போன வாரம் சோத்துல கை வச்சிருக்கேன், போன் அடிக்குது. பார்த்தா 'செல்வம் மச்சான்'னு வருது. பேர மாத்த மனசு வரல, அந்த நம்பரத்தான் இப்ப மலரு வச்சிருக்கு. "மலரு நல்லா இருக்காளா?"ன்னு அடுப்படியிலேருந்து கலா குரல். எடுத்துக் காதுல வச்சேன். மலரு மூச்சு வாங்கிகிட்டே சொன்னுச்சு: "அண்ணா, சீக்கிரம் வாங்க, ஆளு பேசுறாரு."

எங்களுக்கு மட்டும் எப்படி இவ்வளவு சீக்கிரம் தெரியுதுன்னு இனிமே யாராவது கேட்டா, எங்க வீட்டாளுங்களையே ரோட்டோரம் உக்கார வச்சிருக்கோம் சார்னு சொல்லலாம்னு இருக்கேன்.