கல்லுக்கு அடியில் கரி

நண்பரே, எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடுபவர் இன்று காலை பெட்டியைத் திறந்து கரியை ஊதினார். அந்த வாடை என்னைக் கொண்டுபோய் நாமக்கல்லுக்குத் தெற்கே, எங்கள் தோட்டத்து வரப்பில் நிறுத்தியது. அறுபதுகளின் தொடக்கம், எனக்குப் பத்தொன்பது வயது.

சேலத்துக் கல்லூரியில் அப்போதுதான் பேச்சுப் போட்டியில் முதற்பரிசு பெற்றிருந்தேன். பொருள், நம் பக்கத்து நிலத்தை அந்நாளில் அளந்த வெள்ளைக்கார அளவையாளர். குன்றின் உச்சிக்குக் கருவியை ஏற்றியதையும், காய்ச்சலோடு சங்கிலி பிடித்து நடந்ததையும், எல்லைக்கற்களுக்கு அடியில் அடையாளமாகக் கரியைப் புதைத்ததையும் முழங்கினேன். "மை அழியும், மரம் மட்கும், கரி பொய் சொல்லாது!" கைத்தட்டலில் கூரையே அதிர்ந்தது. எனக்கு அப்படித்தான் கேட்டது.

அந்த விடுமுறையில் தாலுகா சர்வேயர் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். பக்கத்துத் தோட்டத்து ராமாயம்மாள் மனுக் கொடுத்திருந்தார். எல்லைக்கல் அவர் பக்கம் நான்கு முழம் தள்ளி நடப்பட்டுவிட்டதாம். அந்த நான்கு முழத்தில்தான் அவருடைய வாய்க்கால் ஓடியது. அது போனபின் அவர் பயிர் காய்ந்தது.

"எங்கூட்டுக்காரரு இருந்தவரைக்கும் கல்லு அங்கதானுங்க நின்னுச்சு. அவரு போனதும் நடந்து வந்துருச்சு."

"கல்லுக்குக் காலா மொளைச்சிருக்குது?" என்றார் அப்பா.

சர்வேயர் இருமுறை அளந்தார், இரண்டும் ஒத்துவரவில்லை. வெயிலில் சங்கிலி நீண்டிருக்கும் என்றார் அப்பா. சர்வேயரும் சங்கிலியைச் சுருட்டத் தொடங்கினார். மனு அத்தோடு முடிந்திருக்கும். என் வாய் சும்மா இருந்தால்தானே? எங்கள் குடும்பத்தின் நேர்மையை ஐயமற நிலைநாட்டும் ஆவலில், மேடைக்குரலில் கரியின் வரலாற்றை எடுத்துரைத்து, "கல்லுக்கு அடியில் தோண்டிப் பாருங்கள் ஐயா!" என்று முடித்தேன்.

தோண்டினார்கள். வெறும் செம்மண். திகைத்து அப்பாவை நிமிர்ந்து பார்த்தேன். அவர் குழியைப் பார்க்கவில்லை. எங்கள் பக்கம் நான்கு முழம் தள்ளி, ஒன்றுமே இல்லாத ஓரிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராமாயம்மாள் கைகாட்டிய இடமும் அதுவே. அங்கே முழங்கை ஆழத்தில் கரி கிடந்தது.

"நல்லாப் பேசுனீங்க, சாமி," என்றார் ராமாயம்மாள். "இன்னைக்கு ஊட்டுல சோறு போடுவாங்களா?"

போட்டார்கள். அப்பா வழக்கம்போல் எனக்கு எதிரே அமர்ந்து உண்டார். கல்லை நகர்த்தியவர் அவரா, அல்லது தம் தந்தை நகர்த்தியதை அறிந்து வாளாவிருந்தவரா? எந்தத் தலைப்புக்கும் இருபுறமும் நின்று வாதிட வல்ல நான், இதை மட்டும் அவரிடம் கேட்கவில்லை. அன்றுமுதல் அவர் எந்தத் திசையை நோக்கினாலும் நானும் அங்கே திரும்பிப் பார்த்தேன்.

வாய்க்கால் ராமாயம்மாளுக்குத் திரும்பக் கிடைத்தது. சில ஆண்டுகளில் அவர் கிணறே வற்றிவிட்டது. இன்று இரு தோட்டங்களும் ஒரே கோழிப்பண்ணை. எல்லையில்லாத நிலத்துக்குக் கல் எதற்கென்று பிடுங்கி எறிந்துவிட்டார்கள். ராமாயம்மாளும் இல்லை, அப்பாவும் இல்லை. அப்பா அன்று பார்த்துக்கொண்டிருந்த இடம் எதுவென்று கேட்டால், கொட்டகைகளுக்கு நடுவே என்னாலும் இப்போது காட்ட முடியாது.